தொடையில் வலிக்கும் கட்டியை முதலில் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 32 வயது. சிறு வயதிலிருந்தே உடம்பில் பால் காபி நிறத்தில் திட்டுகள் உண்டு. பத்தாம் வகுப்பு படிக்கும்போது கட்டிகள் வரத் தொடங்கின. 'நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1, இதற்கு மருந்து கிடையாது' என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். அதன் பிறகு இதற்காக எந்த டாக்டரிடமும் போகவில்லை. மகள் வயிற்றிலிருந்தபோது முகம், கழுத்து, கை என்று கட்டிகள் பெருகிவிட்டன. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே இருக்கிறது. இப்போது நான்கு வயது மகளுக்கும் அதே திட்டுகள். எங்கள் பரம்பரையில் யாருக்குமே இல்லாத ஒன்றை நான் அவளுக்குக் கொடுத்துவிட்டேனே என்று தூக்கம் வருவதில்லை. என் கையில் இருக்கும் கட்டியை அவள் அழுத்தி விளையாடினால் கையை இழுத்துக்கொள்கிறேன். லேசரில் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியுமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? சில மாதங்களாகத் தொடையில் ஒரு கட்டி ராத்திரியில் வலிக்கிறது, அது வேறு.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதம் நீளமானது, சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். கடைசி வரியில் மட்டும் கை வைக்கவில்லை. லேசரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், 'அது வேறு' என்று ஒதுக்கிவிட்ட கட்டியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன்.

நரம்புகளில் கட்டி வளரும் இந்த மரபணு நோயில் வரும் கட்டிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. தோலோடு தோலாக மெத்தென்று இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும் சின்னக் கட்டிகள் நூற்றுக்கணக்கில் வந்தாலும் புற்றாக மாறுவதில்லை. அரிக்கும், உடை உரசினால் எரியும், பார்ப்பவர்கள் பார்வையால் மனசு நோகும். உயிருக்கு அவற்றால் ஆபத்து இல்லை. ஆழத்தில், நரம்பின் வழியே கொடி மாதிரி படரும் பிளெக்ஸிஃபார்ம் கட்டிகள்தான் வேறு ரகம். அவை பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும், பல வருஷம் வெளியே தெரியாமலும் இருக்கும். இந்த நோய் உள்ள 100 பேரில் 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்று (நரம்பைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்று) வரலாம் என்பது கணக்கு. அது பெரும்பாலும் இந்த ஆழமான கட்டிகளிலிருந்துதான் கிளம்புகிறது.

விடாத வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, கட்டி கிடுகிடுவென வளர்வது, மெத்தென்று இருந்தது கல்லாக இறுகுவது, கால் மரத்துப்போவது, பலம் குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலே காட்ட வேண்டும். வலி என்றாலே புற்று என்று பயந்துவிடாதீர்கள், சாதாரணக் கட்டியும் நரம்பை அழுத்தினால் வலிக்கும். ஆனால் எது என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், சந்தேகம் இருந்தால் புற்றின் அறிகுறி தெரிகிறதா என்று பார்க்கும் பெட் (PET) ஸ்கேன், அப்புறம் திசுப் பரிசோதனை. இந்த வாரமே போங்கள். போனதும் உட்கார்ந்து முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "எனக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1. தொடையில் இந்தக் கட்டி இத்தனை மாதமாக வலிக்கிறது, ராத்திரியில் எழுப்பிவிடுகிறது." 'உங்களுக்குத்தான் உடம்பெல்லாம் கட்டியாச்சே' என்று யாராவது சமாதானம் சொன்னால், எம்.ஆர்.ஐ. எழுதித் தரச் சொல்லி வாய்விட்டே கேளுங்கள்.

'மருந்து கிடையாது' என்ற பேச்சு எத்தனை பேரை மருத்துவமனைப் பக்கமே போகவிடாமல் செய்திருக்கிறதோ! அன்று அது உண்மையாக இருந்திருக்கலாம். 2020இல் செலுமெட்டினிப் என்ற மாத்திரை, அறுவை சிகிச்சை செய்ய முடியாத ஆழமான கட்டிகள் உள்ள குழந்தைகளுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2025இல் மிர்டமெட்டினிப் பெரியவர்களுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்டது. தோலில் உள்ள சின்னக் கட்டிகளுக்கு இன்னும் அப்படி ஒரு மாத்திரை வரவில்லை. ஆனால் மருந்து இல்லை என்றால் டாக்டரே தேவையில்லை என்று அர்த்தமா? இந்த நோயில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கலாம், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி வரலாம். இரண்டுமே ரத்த அழுத்தத்தை ஏற்றும். வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரஷர் பார்த்தாக வேண்டும். பெண்களுக்கு மார்பகப் புற்று இளம் வயதிலேயே வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் 30 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு 32.

மகள் விஷயத்துக்கு வருவோம். அம்மாவுக்கு நோய் இருக்கும்போது குழந்தைக்கு ஆறு திட்டுகள் இருந்தாலே, ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், நோய் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு இப்போது முக்கியம் கண். பார்வை நரம்பில் கட்டி வந்தால் அது பெரும்பாலும் ஏழு வயதுக்குள் வருகிறது. ஒரு கண் மங்கினால் இந்த வயதில் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, இன்னொரு கண்ணால் சமாளித்துக்கொள்ளும். அதனால் புகார் வரும்வரை காத்திராமல் ஆண்டுதோறும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளியில் கவனம் சிதறுகிறது, எழுத்து தடுமாறுகிறது என்றால் திட்டாதீர்கள். இந்த நோயுள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்காவது கற்பதில் ஏதோ ஒரு சிரமம் இருக்கும். உங்களைப் போலவே அவளுக்கும் கட்டிகள் வருமா என்று கேட்டால், யாராலும் இப்போதே சொல்ல முடியாது. ஒரே வீட்டில் ஒருவருக்குத் திட்டுகளோடு நின்றுவிடும், இன்னொருவருக்கு உடம்பெல்லாம் வரும்.

'நான் கொடுத்துவிட்டேன்' என்கிறீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெற்றோர் யாருக்கும் அது கிடையாது. 17ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு தானாகவே மாறிவிடுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் நேர்ந்திருக்க வேண்டும். இதில் உங்கள் அம்மாவிடமும் குற்றம் இல்லை, உங்களிடமும் இல்லை. அவள் அழுத்தி விளையாடினால் கையைக் கொடுங்கள். மறைக்க வேண்டிய ஒன்று என்று அவள் கற்றுக்கொள்வது நீங்கள் கையை இழுத்துக்கொள்ளும் அந்த நொடியில்தான்.

லேசர்: எடுக்கலாம், எல்லாவற்றையும் இல்லை. தொல்லை தருவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். முகத்தில் இருப்பது, பிரா பட்டையில் உரசுவது, சீப்பில் மாட்டுவது. ஒரே அமர்வில் பல கட்டிகளை எடுத்துவிடுவார்கள். தழும்பு நிற்கும், வேறு இடத்தில் புதிதாகவும் முளைக்கும், இதைத் தெரிந்துகொண்டே போங்கள். பூசினால் கரையும் என்று விற்கும் களிம்புகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

பஸ்ஸில் முறைப்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நீங்கள் கடமைப்படவில்லை. வாய்திறந்து கேட்பவர்களுக்கு "பிறவியிலிருந்தே இருக்கு, ஒட்டாது" என்பது போதும். அதற்கு மேல் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

இன்னொரு குழந்தை பெறுவதும் பெறாமலிருப்பதும் உங்கள் இருவர் முடிவு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகளுக்கு வந்துவிட்டதால் அடுத்த குழந்தைக்கு அது குறையாது. உங்களுக்குக் கட்டிகள் மறுபடி கூடவும் செய்யலாம். உங்கள் மரபணு மாற்றம் எது என்று ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டால், கருவிலேயே சோதிக்கவோ, சோதனைக் குழாய் முறையில் அந்த மாற்றம் இல்லாத கருவைத் தேர்ந்தெடுக்கவோ வழி இருக்கிறது. கர்ப்பமாவதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் கடிதம் முழுக்கக் கணவர் ஒரு இடத்தில்கூட வரவில்லை. அந்த ஆலோசனைக்கு அவரையும் கூட்டிப்போங்கள்.