கரடுமுரடான பிரஷ் ஃபான்ட்ட கடை போர்டுக்கு போடலாமா?

நீங்க சின்னதா ஒரு சாப்பாட்டுக்கடை தொறக்கப் போறீங்கன்னு நெனைக்கிறேன். பிரஷ்ல எழுதின மாதிரி இருக்கற கம்ப்யூட்டர் எழுத்துதானே, தாராளமா போடலாம், ஆனா கடைப் பேரு ஒரு வரி, அதுவும் பெருசா. மெனு, போன் நம்பர் பக்கம் அத கொண்டு போகாதீங்க.

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல 11 வருசமா பேனர், ஸ்டிக்கர் கடை வச்சிருக்கேன். டிசைன் படிச்சவங்க வந்து அப்படியெல்லாம் ரூல் இல்லன்னு சொல்லலாம், நான் என் அனுபவத்த சொல்றேன்.

போன வருசம் ஒரு அக்கா 'மண்சட்டி மீன் கறி'ன்னு பேனர் கேட்டாங்க. காஞ்ச பிரஷ்ல இழுத்த மாதிரி ஓரமெல்லாம் பிஞ்சு, சுத்தி மை தெறிச்ச எழுத்துதான் வேணும்னு போன்ல படம் காட்டினாங்க. இங்கிலீஷ்ல அந்தத் தெறிப்பு அழகுதான், தமிழ்ல ஒரு புள்ளி கூடினாலும் கொறஞ்சாலும் எழுத்தே மாறிடுமே. ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருந்துச்சு, மாட்டினப்புறம் தூரத்துல நின்னு பாத்தா 'ண்' மேல உள்ள புள்ளி கீறலோட கீறலா போயி 'மணசட்டி', 'க' தலையில ஒரு தெறிப்பு விழுந்து 'க்றி'. அக்கா ஒன்னும் சொல்லல, அவங்க சின்ன மகன்தான் எழுத்துக்கூட்டி சத்தமா படிச்சான். அன்னிக்கு ராத்திரியே வேற அடிச்சுக் குடுத்தேன், காசு வாங்கல.

இன்னொன்னு, 'ட்டி'ன்னு வரும்போது ரெண்டு 'ட'லயும் அதே எடத்துல அதே கீறல் இருக்கும், கையால எழுதினா அப்படி வரவே வராது. நல்ல இங்கிலீஷ் ஃபான்ட்ல ஒரே எழுத்துக்கு ரெண்டு மூனு வடிவம் வச்சிருப்பாங்க. தமிழுக்கு நான் ஒன்ன கையாலயே மாத்தி விடுறேன்.

இங்கிலீஷ்ல போட்டா முழுக்க கேப்பிட்டல்ல அடிக்காதீங்க. 1942ல அமெரிக்காவுல வந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்'ங்கற ஃபான்ட்ட பாருங்க, சின்ன எழுத்துங்க ஒன்னோட ஒன்னு கை கோத்து ஓடும், கேப்பிட்டல் முன்னால நிக்க மட்டும்தான். வண்டிக் கண்ணாடிக்கு வெட்டுற ஸ்டிக்கர்னா வேண்டவே வேணாம், பிஞ்ச ஓரத்துல பிளேடு திரும்பித் திரும்பி வினைல் கிழியும், மழையில அந்த முனைதான் மொதல்ல உரியும்.

எனக்கு இந்த எழுத்து பிடிக்காதுன்னு யாரும் நெனைக்காதீங்க. எங்கப்பா எஸ்டேட் தோட்டத்துல லாரிக் கதவு, கோயில் பலகையெல்லாம் எனாமல் பெயிண்ட்ல எழுதினவரு. பெயிண்ட் தீரத் தீர கோடு நார் நாரா பிரியும், அது எங்க பிரியணும்னு அவரு கைக்குத் தெரியும். புள்ளிய மட்டும் கடைசியா, பிரஷ்ஷ நல்லா தோய்ச்சு வைப்பாரு. அந்தக் கோயில் பலகைய போன திருவிழாவுக்கு கழட்டிட்டு லைட் போர்டு மாட்டிட்டாங்க. மாத்தட்டும், ஆனா எங்க வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கேட்டா பழைய சாமானோட போயிடுச்சாம். அதுல 'மாரியம்மன்'ல வர்ற மூனு 'ம'வும் மூனு மாதிரி இருக்கும்.