குசினிச் சுவருக்கும் பாத்ரூம் சுவருக்கும் என்ன படம் மாட்டலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, குசினிய புதுசாக் கட்டி ரைல்ஸ் எல்லாம் போட்டாச்சு, ஒரு பக்கச் சுவர் மட்டும் வெறுஞ்சுவராக் கிடக்கு. எங்கட அம்மம்மா உரலடியில நிண்டு மா இடிக்கிற பழைய கலர் போட்டோ ஒண்டு இருக்கு, அவட படம் எண்டு அந்த ஒண்டுதான். அதப் பிரேம் போட்டு அங்க மாட்ட ஆசை, ஆனா மனுசன் பழுதாப் போயிரும் எண்டு சொல்றார். (கல்லடி வாசகி)

பதில்: தங்கச்சி, ஆசைய விட்டுராதீங்க, ஆனா மனுசன் சொல்றதும் சரிதான். அந்த ஒரிஜினல் போட்டோவ மட்டும் தயவுசெஞ்சு குசினிக்குள்ள கொண்டு போகாதீங்க. எங்கட வீட்ட அப்பாட படம் ஒண்டு கேத்தில் வைக்கிற மேசைக்கு மேலதான் தொங்கினது, ஒரு மார்கழி மழைக்குப் பிறகு பாத்தா முகம் அப்பிடியே கண்ணாடியோட ஒட்டிப் போய்க் கிடக்கு, பதறிப்போய் இழுத்தன், பாதி முகம் கண்ணாடியிலயே நிண்டுட்டு. இண்டைக்கும் அத நினைச்சா மனசு கிடந்து அடிக்கும். பழைய போட்டோக் கடதாசிக்கு மேல ஜெலட்டின் பூச்சு இருக்கு, ஈரம் பட்டா அது ஊறி பசை மாதிரி ஆகும், மறுகா காயக்குள்ள கண்ணாடியப் பிடிச்சிரும். எங்கட மட்டக்களப்புப் பக்கம் கார்த்திகையில இருந்து தை வரைக்கும் மழைதான், ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, காத்தே ஈரம், அதோட சோத்துப்பானை ஆவியும் சேந்தா அந்தப் போட்டோ என்ன பாடு படும்?

அதனால ஸ்ரூடியோவில குடுத்து 600 டிபிஐயில (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணி எடுங்க, போன்ல படம் பிடிச்சு அதப் பெருசாக்க வேணாம், வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். ஒரிஜினல கடதாசிக் கவருக்குள்ள போட்டு நடு அறை அலுமாரியில வைங்க. கொப்பி அடிக்கக்குள்ள பிக்மென்ட் இங்க்ல, அதாவது நிறத்தூள் கலந்த மையில, அடிச்சுத் தாங்க எண்டு கேளுங்க, டை இங்க் எண்ட சாய மை ஈரத்துக்கும் வெயிலுக்கும் கெதியா மங்கும். பிரேம் அலுமினியமா இருக்கட்டும், மரநார அமுக்கிச் செய்யிற எம்டிஎப் பலகை ஈரத்துக்கு ஊதி மூலை பிரிஞ்சிரும். படம் கண்ணாடியில முட்டாம நடுவில, படத்தச் சுத்தி ஓரமா வாற மவுண்ட் அட்டை வைச்சே ஆகணும், இத மட்டும் விட்டுராதீங்க. பிரேமுக்குப் பின்னால நாலு மூலையிலயும் சின்ன ரப்பர்த் துண்டு ஒட்டினா சுவருக்கும் படத்துக்கும் இடையில காத்துப் போகும், பூஞ்சணம் பிடிக்கிறது குறையும்.

அடுப்புக்கு மேல மாட்டவே வேணாம். பொரிக்கிற எண்ணெய் ஆவியா எழும்பித் தூசியோட சேந்து பிசினாட்டம் படியும். நீங்க இருந்து காய் வெட்டுற பக்கத்துச் சுவர்ல, இருக்கிறவங்கட கண்ணுக்கு நேரா மாட்டுங்க, அம்மம்மாவ நெடுகப் பாத்துக்கிட்டே வேலை செய்யலாம். துடைக்கிறண்டா துணிய சவர்க்காரத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு துடைங்க, தண்ணிய கண்ணாடியில நேரா விசிறி அடிச்சா விளிம்பால உள்ளுக்கு இறங்கிரும்.

கேள்வி: பாத்ரூமுக்குக் கன்வஸ் படம் வேணும் எண்டு வீட்ட சொல்றாங்க. எனக்கு பன்பாய் மாதிரிப் பின்னின ஒண்டத் தொங்கவிட விருப்பம். எது நல்லம்? (காத்தான்குடி வாசகர்)

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி. பன்புல்லும் கன்வசும் ஈரத்தக் குடிச்சுக் கறுப்புப் புள்ளி புள்ளியாப் பூஞ்சணம் கட்டும். பன்பாய் நம்மட ஊர்ப் பொண்டுகள்ட கை வேலை, அத ஹோல்ல எல்லாரும் பாக்கிற இடத்தில மாட்டுங்க. பாத்ரூமுக்குச் சூளையில சுட்ட படம் போட்ட ரைல் ஒண்டு போதும், வருசக்கணக்கா மங்காது. கடையில மலிவா வாற படரைல் கனக்க மேல்பூச்சுத்தான், பிரஷ் போட்டுத் தேய்ச்சாக் கீறும், வாங்கக்குள்ள எது எண்டு கேட்டு வாங்குங்க. இல்லாட்டி அலுமினியத் தகட்டில அடிச்ச படம். என்ன படம் எண்டு கேட்டா நான் 1924ல கட்டின பழைய கல்லடிப் பாலத்தத்தான் சொல்லுவன், அந்த இரும்புச் சட்டங்கள் கறுப்பு வெள்ளையில அவ்வளவு வடிவு. பாலமீன்மடு வெளிச்சவீடும் நல்லம். குர்ஆன் ஆயத் எழுதின பிரேம உங்கட ஆக்கள் பாத்ரூமில மாட்ட மாட்டீங்க, எங்கட பக்கம் சாமிப்படமும் அப்பிடித்தான், அதால காட்சிப்படம்தான் சரி.

தண்ணி தெறிக்கிற சுவர விட்டுட்டு எதிர்ச்சுவர்ல மாட்டுங்க. கொழுக்கி ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்ல 316 எண்ட ரகம் கேளுங்க, கடல் உப்புக்குச் சாதாரண ஆணி கறள் கட்டிச் சுவர்ல மஞ்சளா வழியும், அது போகவே போகாது.

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டாங்க, குசினிச் சுவர்ல சுண்ணாம்பும் உதிருது. (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: ஆணிக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் இருக்கு, ஆனா உதிர்ற சுவர்ல அது நிக்காது புள்ள, படம் விழுந்து கண்ணாடி உடையும். ரைல்ல எண்டா நிக்கும், முதல்ல ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பசையத் துடைச்சிட்டு ஒட்டுங்க, பாரம் இல்லாத படமாப் பாத்து. இல்லாட்டி மருதமுனைக் கைத்தறித் துணியில நல்ல கரை போட்ட துண்டு ஒண்டு வாங்கி, தடியில கோத்து, அடுப்புக்குத் தூரமா ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிடுங்க. ஊத்தையானாக் கழட்டித் தோய்ச்சு நிழல்ல காயப்போட்டுத் திரும்பக் கட்டலாம், வீடு மாறக்குள்ள மடிச்சுப் பெட்டியில வைச்சிட்டுப் போயிரலாம்.