தனியாகச் செய்யும் இறுதியாண்டு ஆய்வு: வானூர்திப் பொறியியல் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வானூர்தி மற்றும் விண்வெளிப் பொறியியலில் இறுதியாண்டு படிக்கிறேன். குழுவில் சேராமல் தனியாகவே திட்டப்பணியைச் செய்யத் துறையில் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆளில்லா விமானம் ஒன்றை நானே முழுவதுமாக வடிவமைத்து, செய்து, பறக்கவிட வேண்டும் என்பது என் ஆசை. என் வழிகாட்டியோ தலைப்பைச் சுருக்கும்படி சொல்கிறார். சுருக்கினால் ஆய்வின் மதிப்புக் குறைந்துவிடாதா?

பதில்: குறையாது. உங்கள் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். ஒரு விமானத்தை முழுவதுமாக வடிவமைப்பதென்றால் காற்றியக்கம், கட்டமைப்பு, உந்துவிசை, நிலைத்தன்மை, கட்டுப்பாடு, மின்னணுவியல் ஆகிய எல்லாவற்றிலும் நீங்கள் ஒருவரே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அத்தனைக்கும் நேரம் இருக்காது என்பதால், பெரும்பாலான முடிவுகளைப் பிறர் செய்ததைப் பார்த்து எடுக்க நேரிடும். விமானம் நன்றாகப் பறக்கவும் கூடும். ஆனால் வாய்மொழித் தேர்வில், "இறக்கைக்கு இந்த நீள அகல விகிதத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால், பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்பதற்கு மேல் உங்களால் ஒன்றும் சொல்ல முடியாமல் போகும். தனியாகச் செய்யும் ஆய்வில் மதிப்பிடப்படுவது செய்த பொருளின் அளவன்று. எடுத்த முடிவுகளுக்கு நீங்கள் காட்டும் காரணம்தான்.

ஆகவே "வடிவமைத்தல்" என்று முடியும் தலைப்பை விட்டுவிட்டு, விடையாக ஓர் எண் வரக்கூடிய கேள்வியைத் தேடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கடையில் கிடைக்கும் நுரைப்பொருள் விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நடுநிலைப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பறத்தியே கண்டுபிடிக்க முடியும். ஈர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்கு முன்னால் இருக்கும்வரை விமானம் நிலையாகப் பறக்கும். பின்னால் போய்விட்டால் மூக்கு ஒரு முறை மேலெழுந்தபின் தானாகத் திரும்பாது. மின்கலத்தை முன்பின்னாக நகர்த்தினால் ஈர்ப்பு மையம் மாறும். ஒவ்வோர் இடத்திலும் விமானத்தை வெவ்வேறு சீரான வேகங்களில் நேராகப் பறக்கவிட்டு, தானியங்கி வலவனின் (ஆட்டோபைலட்) பதிவிலிருந்து, வாலில் மேலும் கீழும் திரும்பும் பலகையான எலிவேட்டரின் கோணத்தையும் காற்றுவேகத்தையும் எடுங்கள். தூக்குவிசைக் கெழுவுக்கு (தூக்குவிசையை இயக்க அழுத்தத்தாலும் இறக்கையின் பரப்பாலும் வகுத்தால் வரும் எண்) எதிராக எலிவேட்டர் கோணத்தை வரைந்தால், ஈர்ப்பு மையத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கோடு வரும். மையம் பின்னால் போகப் போக அந்தக் கோட்டின் சாய்வு குறைந்துகொண்டே வரும். சாய்வு சுழியாகும் இடத்தை நீட்டித்துக் கணித்தால், அதுவே நடுநிலைப் புள்ளி. மையத்தை அந்தப் புள்ளி வரை கொண்டுபோய்ப் பறத்தவே கூடாது. முன்னாலிருந்து கிடைக்கும் மூன்று நான்கு கோடுகளே போதும். பிறகு எக்ஸ்எஃப்எல்ஆர்5 அல்லது ஏவிஎல் மென்பொருளில் அதே விமானத்தைக் கணித்து ஒப்பிடுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை விளக்குவதே ஓர் ஆண்டுக்குப் போதுமான வேலை.

பறத்துவதற்கான அனுமதியைத் தலைப்பு முடிவாகும் அன்றே கேட்டுவிடுங்கள். அனுமதிக்காகவும் நல்ல வானிலைக்காகவும் காத்திருந்து கடைசி மாதத்தில் பறத்தத் தொடங்கும் திட்டத்தில், ஒரே ஒரு விபத்து நேர்ந்தாலும் தரவு எதுவும் மிஞ்சாது.

கேள்வி: எங்கள் துறையில் விண்வெளி சார்ந்த ஆய்வகம் இல்லை. சிறிய செயற்கைக்கோளின் வெப்பநிலையைக் கணினியில் மட்டுமே ஆராய நினைக்கிறேன். சோதனை எதுவும் இல்லாத ஆய்வை ஏற்பார்களா?

பதில்: ஏற்பார்கள், ஆனால் கணினி தந்த வண்ணப்படத்தை மட்டும் ஒட்டிவைத்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து. சோதனை இல்லாத இடத்தில் அதன் வேலையைக் கைக்கணக்கு செய்ய வேண்டும்.

ஒரு பக்கம் 10 செ.மீ. கொண்ட கனசதுரச் சிறு செயற்கைக்கோளான கியூப்சாட்டை எடுத்துக்கொள்வோம். பூமியின் தொலைவில் சூரியனிலிருந்து வரும் கதிர்வீச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட். அப்படியானால் சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு முகத்தின் மேல் விழுவது சுமார் 13.6 வாட். வெப்பத்தை வெளியே விடுவதோ ஆறு முகங்கள். உறிஞ்சும் திறனும் உமிழும் திறனும் சமம் என்று வைத்து, பூமியிலிருந்து வரும் வெப்பத்தையும் உள்ளே இருக்கும் மின்சுற்றுகளின் வெப்பத்தையும் விட்டுவிட்டுச் சமன்பாட்டைத் தீர்த்தால், விடை ஏறத்தாழ 251 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 22 டிகிரி செல்சியஸ். உங்கள் மென்பொருளிலும் முதலில் இதே எளிய நிலையை மட்டும் அமைத்து ஓட்டுங்கள். இந்த எண் வரவில்லை என்றால் உங்கள் மாதிரியில் எங்கோ பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வந்துவிட்டால், பூமியின் வெப்பம், பூமி எதிரொளிக்கும் சூரிய ஒளி, உள்வெப்பம், நிழலில் கழியும் நேரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் வெப்பநிலையை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று எழுதுங்கள். தாழ்ந்த வட்டப்பாதையில் ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதில் நிழல் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம் என்பதால் மின்கலத்தின் வெப்பநிலைதான் பெரும்பாலும் சிக்கலாகும். ஆய்வை அந்த ஓர் உறுப்போடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை.

கேள்வி: காற்றுச் சுரங்கத்தில் நாகா 0012 என்ற சமச்சீர்க் குறுக்குவெட்டு கொண்ட இறக்கை மாதிரியைச் சோதித்தேன். நாண் நீளம் (இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 15 செ.மீ., அகலம் சுவரிலிருந்து சுவர்வரை 40 செ.மீ., காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டர். தூக்குவிசை எக்ஸ்ஃபாயில் மென்பொருளின் கணிப்போடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் சுழி டிகிரியில் இழுவிசை மூன்று மடங்கு வருகிறது. மாதிரி 10 மி.மீ. விட்டமுள்ள உருளைத் தண்டின் மேல் நிற்கிறது. அதில் 10 செ.மீ. நீளம் காற்றோட்டத்தில் இருக்கிறது. அறிக்கை கொடுக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம். தண்டின் அளவை நீங்களே எழுதியிருப்பதால் விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இயக்க அழுத்தம் சுமார் 245 பாஸ்கல். இறக்கையின் பரப்பு 0.06 சதுர மீட்டர். காற்றோட்டத்தின் தன்மையைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் உங்களுக்கு ஏறத்தாழ 2,00,000. அங்கே சுழி டிகிரியில் இழுவிசைக் கெழு 0.01 அளவில் இருக்கும் என்று கொண்டால், இறக்கையின் இழுவிசை 0.15 நியூட்டன்தான். அது வெறும் 15 கிராம் எடைக்குச் சமம். இப்போது தண்டைப் பாருங்கள். காற்றுக்கு எதிரே அது காட்டும் பரப்பு 0.001 சதுர மீட்டர். இந்த வேகத்தில் உருளையின் இழுவிசைக் கெழு ஏறத்தாழ 1.2. பெருக்கினால் 0.29 நியூட்டன் வருகிறது. இறக்கையைப் போல இரண்டு மடங்கு இழுவிசையை அதைத் தாங்கும் தண்டே தருகிறது. இரண்டையும் கூட்டினால் நீங்கள் அளந்த மூன்று மடங்கு அப்படியே கிடைக்கிறது. தண்டு தூக்குவிசையை அவ்வளவாகத் தருவதில்லை என்பதால்தான் அந்தப் பக்கம் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

செய்ய வேண்டியது இதுதான். மாதிரியைக் கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் அதே வேகங்களில் அளந்து, அந்த மதிப்பைக் கழியுங்கள். தண்டும் இறக்கையும் சேரும் இடத்தில் காற்றோட்டம் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால் இந்தக் கழித்தல் முழுமையானதன்று. அதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். விசையை அளக்கும் தராசைத் தொடாதபடி தண்டைச் சுற்றி நீரோட்ட வடிவில் ஓர் உறை போட முடிந்தால் இன்னும் நல்லது. காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயை நகர்த்தும் வசதி சுரங்கத்தில் இருந்தால், தண்டிலிருந்து விலகிய ஓரிடத்தில் இறக்கைக்குப் பின்னால் காற்று இழந்த உந்தத்தை அளந்து அதிலிருந்து இழுவிசையைக் கணிக்கலாம். இந்த வழியில் தராசே வேண்டியதில்லை.

தராசின் துல்லியத்தையும் எழுதுங்கள். அது 0.05 நியூட்டன் வரை தவறலாம் என்றால், 4 டிகிரியில் ஆறு நியூட்டனுக்கு மேல் வரும் தூக்குவிசையில் அந்தப் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, 0.15 நியூட்டன் இழுவிசையிலோ மூன்றில் ஒரு பங்கு. வேகத்தில் 2 விழுக்காடு பிழை இருந்தால் கெழுவில் 4 விழுக்காடு பிழை வரும்.

ரைட் சகோதரர்களுக்கும் 1901-இல் இதே போன்ற இடர் வந்தது. அவர்களுடைய கிளைடர் கணக்கிட்ட அளவுக்குத் தூக்குவிசை தரவில்லை. காற்றின் வேகத்திலிருந்து விசையைக் கணிக்க வெகுகாலமாகப் புழங்கிவந்த 0.005 என்ற காற்றழுத்த மாறிலி அதிகம் என்றும், 0.0033 அளவே சரி என்றும் அவர்கள் கண்டார்கள். அந்த ஆண்டே ஆறடி நீளச் சுரங்கம் ஒன்றைச் செய்து, பழைய ரம்பத்தகடுகளையும் மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளையும் கொண்டு தராசு கட்டினார்கள். இறக்கையின் தூக்குவிசையை அதே காற்றோட்டத்தில் நிற்கும் தட்டையான தகடுகளின் இழுவிசையோடு ஒப்பிடும்படி அந்தத் தராசு அமைந்திருந்ததால், காற்றின் வேகத்தைத் துல்லியமாக அறிய வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. கருவியின் குறையை அறிந்து, அது முடிவைத் தொடாதபடி சோதனையை அமைத்த அந்தத் திறமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

உங்கள் மூன்று மடங்கு இழுவிசையை மறைக்காமல், முதல் அளவீடு, காரணம், திருத்திய அளவீடு என்ற வரிசையில் அறிக்கையில் ஒரு தனி அத்தியாயமாகவே வையுங்கள். திருத்திய பிறகும் வேறுபாடு மிஞ்சினால், மாதிரியின் மேற்பரப்புச் சொரசொரப்பையும், சுரங்கத்துக் காற்றின் கொந்தளிப்பையும், சுவரோரத்து இடைவெளியையும் அடுத்துப் பாருங்கள்.

கேள்வி: தனி ஆய்வு என்று பெயர் இருக்கும்போது வழிகாட்டியிடம் எவ்வளவு உதவி கேட்கலாம்? பிறர் எழுதிய நிரல்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். "அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்?" என்று போய் நிற்காமல், "இந்த இரண்டு வழிகளில் இதை எடுக்க நினைக்கிறேன், காரணம் இது" என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அரை மணி நேரச் சந்திப்பிலும் பயன் கிடைக்கும். பிறர் நிரலை எங்கிருந்து எடுத்தீர்கள், எதை மாற்றினீர்கள், விடை தெரிந்த எந்தக் கணக்கைக் கொண்டு சரிபார்த்தீர்கள் என்ற மூன்றையும் அறிக்கையில் சொல்லிவிட்டால் அதில் குறை காண ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டால் அது திருட்டு.