சும்மா கிடைத்த குட்டிக்கு ஆகும் செலவு: கேள்வி பதில்

தக்கலைப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாய், பூனை வளர்க்க ஆகும் செலவு பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவையும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, கூட்டுக்காரன் வீட்டு லேப் (லேப்ரடார்) நாய் குட்டி போட்டிருக்கிறது. ஒன்றைச் சும்மா தருகிறேன் என்கிறான். எனக்குச் சம்பளம் 18,000. கட்டுபடியாகுமா?

குட்டி சும்மா கிடைக்கும் தம்பி, அதன் வயிறு சும்மா நிறையாது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசம் 1,800, உங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. வருஷத்துக்கு 21,900. லேப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பத்து வருஷச் சாப்பாடு மட்டுமே 2,19,000 ஆகிவிடும்.

முதல் வருஷம் ஊசிச் செலவு கூடுதல். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நாலு மாசம் ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுத் தடுப்பூசி. மூன்று மாசத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் வருஷம் தவறாமல். இடையிடையே பூச்சி மருந்து. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நாட்டுக்குட்டிதான் எடுப்பேன். தீனியும் குறைவு, நம் ஊர்ப் புழுக்கத்தையும் தாங்கும்.

குலசேகரம்: மழைக்காலத்தில்தான் நாய்க்குச் சீக்கு வருகிறது. அப்போது ரப்பர் பால்வெட்டும் இருக்காது, கையில் காசும் இருக்காது. என்ன செய்ய?

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். ஓர் ஆனி மாசத்து மழையில் உங்களைப் போல ஒருவர் குட்டியைச் சாரத்தில் (லுங்கியில்) பொதிந்து கொண்டுவந்தார். சாரமெல்லாம் ரத்தக் கழிச்சல். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. பார்வோ, கூட்டுத் தடுப்பூசி போட்டுத் தடுக்கும் வைரஸ் நோய். டாக்டர் நாலு நாள் டிரிப் போட்டார். மூன்று வாரமாக வெட்டு இல்லாத மனிதர், சாக்கில் சேர்த்து வைத்திருந்த ஒட்டுப்பாலை (காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) விற்று மருந்து வாங்கினார். ஐந்தாம் நாள் விடியும் முன் குட்டி போய்விட்டது. காலிச் சாக்கை மடித்துக் கையில் வைத்தபடி அவர் வெளியே உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அவர் செலவழித்ததில் சிறு பங்கு இருந்திருந்தால் ஊசியை முடித்திருக்கலாம்.

அதனால் பால் நன்றாக இறங்கும் மாசங்களிலேயே தினம் 20 ரூபாய் தனியாகப் போடுங்கள். மாசத்துக்கு 600 சேரும். வைகாசி முடிவதற்குள் அந்த வருஷத்து ஊசி முடிந்திருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் பரவும் நோய் அது, நாயிடமிருந்து நமக்கும் வரும். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்க்கு இலவச ஊசி முகாம் நடப்பது வழக்கம். விசாரித்து வையுங்கள்.

குளச்சல்: எங்கள் வீட்டில் தினமும் மீன்தான். மிச்சத்தைப் போட்டே வளர்த்தால் செலவு மிச்சம்தானே அண்ணாச்சி?

பாதி சரி மக்களே. சாளையை உப்பு, மிளகாய் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து போட்டால் நல்ல சாப்பாடு. குழம்பு மிச்சம் வேண்டாம், அதில் பூண்டும் வெங்காயமும் கிடக்கும். இரண்டுமே நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். கருவாட்டு உப்பும் ஆகாது. தொண்டையில் முள் சிக்கினால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

நாகர்கோவில்: நாய்க்குக் காப்பீடு உண்டா?

உண்டு. சில காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. வயது வரம்பு இருக்கும். வழக்கமான தடுப்பூசிச் செலவை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கருங்கல்: மகன் ஆசையாக வாங்கிய நாயை எங்களிடம் விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டான். செலவைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

கேளுங்கள் அக்கா, இதில் கூச்சம் எதற்கு? மாசா மாசம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தோடு நாய்க்கென்று ஒரு தொகையைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அவசரத்துக்கென்று ஒரு தொகையை இப்போதே உங்கள் கணக்கில் போடட்டும். ராத்திரி நாய் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது அவனுக்குப் போன் கிடைக்காமல் நீங்கள் தவிக்கக் கூடாது.

ஆரல்வாய்மொழி: எங்கள் நாய்க்கு 13 வயது, கண் தெரியவில்லை. இனி செலவழித்து என்ன பயன், எங்காவது கொண்டு விடலாம் என்கிறார்கள் வீட்டில்.

வேண்டாம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், கண் தெரியாத நாய் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பொழுதுகூடத் தாங்காது. இவ்வளவு காலம் உங்கள் வாசலைக் காத்த உயிர் அது. வலி ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லையென்றால் பெரிய செலவு கிடையாது. குழைந்த சோறு போதும். தண்ணீர்ச் சட்டியை மட்டும் இடம் மாற்றாதீர்கள், அது மோப்பம் பிடித்து வந்து குடித்துக்கொள்ளும்.