கேள்வி–பதில்: பின்னணி போன கிளிப்பும் போகாத கறுப்பும்

கே: பின்னணி இல்லாத லோகோ அனிமேஷன் ஒன்றை எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்து ரெசோலியூமில் (மேடைத் திரைகளில் வீடியோ ஓட்டும் மென்பொருள்) போட்டேன். லோகோவைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி வருகிறது. லேயரில் எதை மாற்ற வேண்டும்?

லேயரில் எதைத் திருகியும் பயனில்லை. கோப்பிலேயே ஆல்ஃபா சேனல் (எந்த இடம் எவ்வளவு மறைய வேண்டும் என்ற தகவல்) இல்லை. எம்பி4-க்குள் வழக்கமாக இருக்கும் எச்.264 என்ற கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தத் தகவலை எக்ஸ்போர்ட்டின்போதே கழற்றிவிடுகிறது.

மூலக் கோப்புக்குத் திரும்புங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் அவுட்புட் மாட்யூலில் குவிக்டைம், கோடெக் ப்ரோரெஸ் 4444. (422 வேண்டாம், எச்க்யூ என்று போட்டிருந்தாலும் அதில் ஆல்ஃபா கிடையாது.) சேனல்ஸில் ஆர்ஜிபி + ஆல்ஃபா, கலரில் ஸ்ட்ரெய்ட் (நிறத்தைப் பின்னணியோடு கலக்காமல் அப்படியே வைப்பது). பிறகு ரெசோலியூமின் மாற்றி மென்பொருளான ஆலியில், அதன் சொந்தக் கோடெக்கான டிஎக்ஸ்வி-க்கு மாற்றும்போது ‘வித் ஆல்ஃபா’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் இந்தக் கடைசிப் படியில்தான் கோட்டை விடுகிறார்கள். வேறு மென்பொருளுக்கு ஹேப் ஆல்ஃபா என்ற கோடெக் பொருந்தும்; வெறும் ஹேப், ஹேப் க்யூ இரண்டிலும் ஆல்ஃபா இல்லை.

சோதிக்கும்போது கீழ் லேயரில் பளிச்சென்ற நிறத்தில் ஏதாவது ஓடட்டும். கீழே ஒன்றுமில்லை என்றால் சரியான கிளிப்பும் கறுப்புப் பின்னணியோடுதான் தெரியும்.

கே: பின்னணி போய்விட்டது. ஆனால் வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் அழுக்கான கோடு தெரிகிறதே?

கிளிப் ப்ரீமல்டிப்ளைடு ஆக (ஓர நிறங்கள் பின்னணிக் கறுப்போடு முன்பே கலந்து) ரெண்டர் ஆகியிருக்கிறது. மென்பொருளோ அதை ஸ்ட்ரெய்ட் என்று படிக்கிறது. பாதி மறைய வேண்டிய ஒரு வெள்ளை ஓரப் பிக்ஸலைப் பாருங்கள். அதன் வெளிச்ச அளவான 255 (0 கறுப்பு, 255 முழு வெள்ளை), கறுப்போடு கலந்து 128 ஆகத்தான் கோப்பில் பதிவாகியிருக்கும். மென்பொருள் அதை மறுபடி பாதியாக்க, 64. பின்னணி வெள்ளையானால் அதிலிருந்து பாதி, அதாவது 127 சேரும். மொத்தம் 191, சாம்பல் நிறம். வர வேண்டியது 255.

ஸ்ட்ரெய்ட்டில் மறுபடி ரெண்டர் செய்வதே சுத்தமான வழி. நேரமில்லை என்றால், கிளிப்பின் ஆல்ஃபா வகையை மாற்றும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ப்ரீமல்டிப்ளைடு என்று வையுங்கள். தலைகீழாக, ஸ்ட்ரெய்ட் கிளிப்பை ப்ரீமல்டிப்ளைடு என்று படித்தால் ஓரம் வெளிறிப் பளபளக்கும். இன்னொன்று: ஸ்ட்ரெய்ட் கோப்பை ஆல்ஃபா தெரியாத பிளேயரில் திறந்தால் ஒளிவட்டமெல்லாம் திட்டுத்திட்டாக, கோரமாகத் தெரியும். பதறி அழித்துவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும்.

கே: கறுப்புப் பின்னணியில் எடுத்த நெருப்பு கிளிப்புக்கும் ஆல்ஃபா வேண்டுமா?

வேண்டாம். ஆட் அல்லது ஸ்க்ரீன் பிளெண்ட் (கறுப்பை விட்டு வெளிச்சத்தை மட்டும் கீழ் லேயரோடு சேர்க்கும் முறைகள்) போதும். செவ்வகமாக மெல்லிய மூட்டம் தெரிந்தால், படத்தின் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை என்று பொருள். லெவல்ஸில் (வெளிச்ச அளவை மாற்றும் எஃபெக்ட்) அடிமட்டத்தைக் கொஞ்சம் இறுக்குங்கள். ஆட்கள் ஆடும் கிளிப்புக்கு இந்தக் குறுக்குவழி உதவாது, கருங்கூந்தலும் சேர்ந்து காணாமல் போகும்.

கே: நான்கு ஆல்ஃபா கிளிப் ஒன்றாக ஓடினால் திக்குகிறது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

முதலில் டிஸ்கைப் பாருங்கள். ஹேப் ஆல்ஃபாவில் பிக்ஸலுக்கு ஒரு பைட். 1920×1080 என்றால் ஃப்ரேமுக்குச் சுமார் 2 எம்பி. 30 ஃப்ரேமில் நொடிக்கு 62 எம்பி வரை. நான்கு சேர்ந்தால் 250-ஐ நெருங்கும். காலி இடங்கள் சுருங்குவதால் நடைமுறையில் குறையலாம். ஆனாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இதற்குத் தாங்காது, எஸ்எஸ்டி வேண்டும்.

அதைவிடப் பெரிய மிச்சம் ஃப்ரேம் அளவில் இருக்கிறது. மூலையில் சுழலும் சின்ன லோகோவுக்கு முழு ஃப்ரேம் எதற்கு? 480×480-இல் ரெண்டர் செய்து, வீடியோ ஓட்டும் மென்பொருளில் இடம் பார்த்து வைத்தால் சுமை ஒன்பதில் ஒரு பங்குதான். அகலமும் உயரமும் 4-ஆல் வகுபட வேண்டும். ஹேப் படத்தை 4×4 கட்டங்களாகத்தான் வெட்டிச் சுருக்குகிறது.