மேட்டில் இழுக்காத 2012 ஸ்விஃப்ட் டீசல்: ரீமேப் இப்போது வேண்டாம்

வணக்கம் நண்பரே. உங்கள் 2012 ஸ்விஃப்ட் டீசல் மேட்டில் திணறுவதாகவும், அழுத்தி மிதித்தால் கரும்புகை தள்ளுவதாகவும் எழுதி, ஈசியூ ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்பை மாற்றி எழுதுவது) பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நிலையில் அது வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்த 1248 சிசி எஞ்சின் தன் முழு 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 2000 ஆர்பிஎம்மில்தான் எட்டுகிறது. அதற்குக் கீழே அது புதிதிலேயே சற்று மந்தம்தான். 2000-ஐத் தாண்டியும் இழுவை வரவில்லை என்றால், டீசலுக்கு ஈடான காற்று உள்ளே போகவில்லை என்பதையே கரும்புகை காட்டுவதால், ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றி, அவற்றின் அடிப்பக்கத்தையும் கிளாம்ப் இறுகும் இடத்தையும் வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது மூடிக்கொள்ளும் கீறல், டர்போ தரும் காற்றழுத்தம் (பூஸ்ட்) ஏறும்போது மட்டுமே திறக்கும் என்பதால், மேலோட்டமாகப் பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணுக்கு அது எளிதில் தப்பிவிடும். ஹோஸ் நன்றாக இருந்தால், வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வில் கரி அடைத்து அது மூடாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காற்றளவு சென்சாரை அதற்குரிய ஸ்ப்ரேயால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும்.

டீசல் ஃபில்டர் அடைப்பிலும் இழுவை குறையும், ஆனால் புகை பெரும்பாலும் வராது. ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம்.

காற்றுக் குறையைச் சரிசெய்யாமல் ரீமேப் செய்தால், கூடுதல் டீசல் கூடுதல் புகையாகவே வெளியேறும், டர்போவும் சூடேறும்.