மூன்றாவது மாடியில் தறிக்குழி தோண்ட முடியுமா?

கேள்வி: அக்கா, எங்கள் தெருவில் 40 வீடுகள். பாதி வீடுகளில் குழித்தறி ஓடுகிறது; தரையில் குழி தோண்டி, அதில் கால் வைத்து மிதித்து நெய்யும் கைத்தறி. ஓடைப் புறம்போக்கு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருகிறார்களாம். மூன்றாவது மாடியில் தறிக்குழி தோண்ட முடியுமா? நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: கடிதத்தைப் படித்ததும் அப்பாவின் தறிதான் கண்முன் வந்து நின்றது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். அம்மா சொம்பால் மொண்டு வெளியே ஊற்றிய பிறகே அப்பா மிதியில் கால் வைப்பார். அந்த ஈரம் இருப்பதால்தான் நூல் அறாமல் இருக்கிறது என்பார்.

எங்களையும் காலி செய்யச் சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே 'ஓர் அறை, 4 பேர்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். தறி எந்தத் தாளிலும் ஏறவில்லை. புது வீட்டுக்குப் போனதோடு அப்பாவின் நெசவும் நின்றது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அதனால் சொல்கிறேன் தங்கச்சி, அவர்கள் எண்ண வருவதற்கு முன்னால் நீங்களே எண்ணிவிடுங்கள்.

பெரிய சார்ட் தாளில் தெருவை வரையுங்கள். எந்த வீட்டில் தறி, யார் தார் (ஊடை நூல்) சுற்றுகிறார், யார் வாடகைக்கு இருக்கிறார், எல்லாம் அதில் வரட்டும். பாவை, அதாவது தறியின் நெடுக்கு நூலை, நீட்டும் இடத்தை மறக்காதீர்கள். நம் ஊரில் அதற்குப் பாவடி என்று பெயரே உண்டு. வெளியாள் பார்த்தால் அது வெறும் காலி இடம்.

மும்பையில் இதைச் செய்திருக்கிறார்கள். 1985இல் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனால் நடைபாதையிலேயே தங்கும் உரிமையைத் தரவில்லை. அப்புறம் பைகுல்லா நடைபாதைப் பெண்கள் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து தங்கள் கணக்கைத் தாங்களே எடுத்தார்கள். தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று புடவைகளைக் கட்டி அளந்தும் பார்த்தார்கள்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். எந்தச் சட்டப்படி என்று முதலில் பாருங்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்றால், 7ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்ட பிறகே 6ஆம் பிரிவில் வெளியேற்றலாம். கெடுவுக்குள் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தை வாங்கி, சர்வேயரை வைத்து ஓடை எல்லையை அளக்கச் சொல்லுங்கள். சில வீடுகள் எல்லைக்கு வெளியே இருந்தாலும் இருக்கலாம். பழைய பி மெமோ (ஆக்கிரமிப்புக்கு வருவாய்த்துறை தரும் நோட்டீஸ்), வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இவை பட்டா ஆகாது; எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று காட்டும். ஓடையில் பட்டா வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் இறங்கி வருவதில்லை.

வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் நீங்கள்தான். அதனால் சில வீடுகள் நகரத்தான் வேண்டியிருக்கும். எங்கே, எப்படி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தறிக்காரர்களுக்குத் தரைத்தளம், நூல் கொடுப்பவர் பக்கத்திலேயே இடம், பொதுத் தறிக்கூடம், நீளமான பாவடி என்று கேளுங்கள். உங்கள் தெருவில் பாவு எத்தனை முழம் நீள்கிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள். மனுவைச் சேர்ந்து எழுதுவோம்.